எனக்குக் காட்டிய தட்டு

1

போன வாரம் குரோம்பேட்டையிலிருந்து பாஸ்கர் கூப்பிட்டான். ஜி.எஸ்.டி. ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் என்னோடு சேர்ந்து வேலை பழகியவன். நியூசிலாந்தில் குளிர் எப்படி, பஸ் டெப்போவில் வேலை எப்படி என்ற வழக்கமான கேள்விகள் முடிந்ததும், "பொண்ணுக்குத் தைராய்டு இப்ப எப்படிடா இருக்கு?" என்றான்.

"பரவால்லடா, கன்ட்ரோல்ல இருக்கு" என்றேன்.

நான்கு வருடமாக எல்லோருக்கும் சொல்லும் பதில். யோசிக்காமலே வாயில் வந்துவிடுகிறது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மகளைத் தாம்பரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து அந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இத்தனை நடந்த பிறகும் அதே பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் என்னைத் தெரிந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். கீர்த்தனாவுக்குத் தைராய்டு கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கு இருப்பது பைபோலார், மனசு ஒரு சமயம் உச்சத்தில் பறந்து ஒரு சமயம் அடியில் விழும் நோய். தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். அந்த வார்த்தையை முதலில் பார்த்தபோது ஏதோ பேட்டரியில் வரும் பழுது போலத்தான் எனக்குப் பட்டது. மெக்கானிக் புத்தி. இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். "உண்மையை எழுதறதுன்னா எழுதுங்க" என்றாள்.

2

பத்தொன்பது வயதில் வந்தது. முதலில் தெரிந்தது சாப்பாட்டில்தான். எங்களுக்குத்தான் புரியவில்லை.

ஒரு வாரம் முழுக்கச் சமைத்துக்கொண்டே இருந்தாள். காலேஜுக்குப் போகவில்லை. இருபது பேருக்குப் பிரியாணி, மறுநாள் இரண்டு பெரிய பாத்திரம் நிறையப் பாயசம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு டப்பா டப்பாவாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சமைத்ததில் ஒரு வாய் அவள் சாப்பிடவில்லை. காபி மட்டும் குடித்தாள். கேட்டால், "பசிங்கறது ஒரு பழக்கம்பா, நான் விட்டுட்டேன்" என்று சிரித்தாள். பொண்ணுக்குச் சமையலில் ஆசை வந்துவிட்டது என்று நானும் என் மனைவி லதாவும் சந்தோஷப்பட்டோம். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தோம். ஒன்பதாம் நாள் ஆம்புலன்ஸில் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நேர் எதிர். இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழவில்லை. சமைத்தது எதுவும் வேண்டாம். ரொட்டியும் ஜாமும், அதுவும் யாரும் பார்க்காதபோது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் என்னிடம், சாப்பிடுகிறாளா என்று கேட்டார். "ஷி டுக் ஃபுட்" என்றேன். நம் ஊரில் அதற்குச் சாப்பிட்டாள் என்று அர்த்தம். சாப்பாட்டை அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள் என்று அவர் குறித்துக்கொண்டார். அடுத்த தடவை வந்தவர் கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆன பிறகும் என் ஆங்கிலம் இந்த லட்சணம்.

பிறகு மாத்திரைகள். ஒன்று லித்தியம். இன்னொன்று தூக்கத்துக்கும் சேர்த்து. இந்த இரண்டாவது மாத்திரை பசியைக் கொண்டுவந்தது. பசி என்று சொல்வதே தப்பு. வயிறு நிறைந்த பிறகும் அது நிற்காது. "சாப்பிட்டு முடிச்சாச்சுன்னு என் உடம்புக்கு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்கப்பா" என்று ஒரு நாள் சொன்னாள். ஒன்றரை வருடத்தில் பதினெட்டு கிலோ ஏறியது. இந்த நோயுள்ள பிள்ளைகளில் நிறையப் பேருக்கு இப்படி ஆகும் என்றும், இது அவர்கள் குணம் அல்ல என்றும் அவளுடைய கிளினிக்கில் இருந்த உணவு ஆலோசகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூன்று வேளை, அதே நேரத்துக்கு. பட்டினி கூடாது. லித்தியம் சாப்பிடும்வரை உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, தண்ணீரையும் குறைக்கக் கூடாது. உப்பு குறைந்தால் மருந்து வெளியே போகாமல் உடம்பிலேயே தங்கி விஷமாகிவிடும்.

அவர் சொல்லாத ஒன்றை நான் செய்தேன். சாமான் அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன்.

பிஸ்கெட், முறுக்கு, ரொட்டி எல்லாம் உள்ளே. சாவி என் சட்டைப் பையில். லதா வேண்டாம் என்றுதான் சொன்னாள். "நல்லதுக்குத்தானே" என்றேன். கீர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. பூட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், அறைக்குப் போய்விட்டாள்.

3

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தா அக்கா எனக்கு ஒன்பது வயது மூத்தவள். நாங்கள் பிறந்து வளர்ந்தது அனகாபுத்தூரில், அடையாற்றுக்குப் பக்கத்துச் சந்து. எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். தலைக்கு ஒரு சாம்பார் சாதப் பொட்டலம். அக்கா தன்னுடையதையும் என்னிடம் கொடுத்து, "நான் அங்கயே சாப்ட்டேன்டா" என்றாள். மறுநாள் அவள் மயங்கி விழுந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாப்பாட்டு விஷயத்தில் அக்கா பொய் சொல்லக்கூடியவள் என்பதை நான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பொய்யை நினைத்து நினைத்தே அவளை முழுசாக நம்பினேன்.

அத்தான் போன பிறகு அவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கீழ்ப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறாள். கீர்த்தி ஒரு பருவம் படிப்பிலிருந்து விடுப்பு எடுத்தபோது, "அத்தை வீட்டுக்குப் போய் மூணு மாசம் இருந்துட்டு வரேன்" என்று அவளே கேட்டாள். எனக்கும் அது சரியென்று பட்டது.

மாத்திரைகளை எடுத்துப்போக டாக்டர் கடிதம், அதற்கு நகல், நகலுக்குக் கையெழுத்து என்று அலைந்தேன். பயணக் காப்பீடு எடுத்தபோது அந்தப் பெண் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாதுகாப்பு கிடையாது, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு என்றார். அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான். மற்ற எதுவும் இல்லை.

ஊரில் அக்கா ஒருத்திக்குத்தான் உண்மையைச் சொல்லியிருந்தேன். எழுதினால் படிக்க மாட்டாள் என்று பதினோரு நிமிடம் வாய்ஸ் மெசேஜாகவே பேசி அனுப்பினேன். நோயின் பேர், மாத்திரை நேரம், மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, பட்டினி போடாதே, உப்பைக் குறைக்காதே, வெயிலில் தண்ணீர் குடிக்கச் சொல். எல்லாம். "யாராவது கேட்டா தைராய்டுன்னு சொல்லிக்கோ" என்றும் அதில்தான் சொன்னேன்.

அவள் பதில் அனுப்பினாள்: "கேட்டேன்டா. நான் பாத்துக்கறேன். நீ அங்க நிம்மதியா வேலையப் பாரு."

4

என் ஷிஃப்ட் மூன்றரைக்கு முடியும். ஊரில் அப்போது காலை எட்டு மணி. டெப்போ வாசலில் காரில் உட்கார்ந்து தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். கீர்த்தி அக்காவின் சாப்பாட்டு மேஜையில் இருப்பாள். முன்னால் தட்டு. மூன்று இட்லி, சாம்பார், வெங்காயச் சட்னி. சில நாள் பொங்கல், வடை. அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பாத்துக்கோ, உன் பொண்ணு எப்படிச் சாப்பிடறான்னு" என்பாள். கீர்த்தி ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள்.

ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டால், "எடுத்தாச்சுடா, எல்லாம் நார்மல்னுட்டாங்க" என்று அக்காதான் பதில் சொல்வாள். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றால், "அதெல்லாம் எனக்கு வராதுடா, அவ ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வருவா."

இரண்டாம் மாதத்தில் முகம் மெலிந்தது தெரிந்தது. கன்ன எலும்பு தெரிந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "நல்லா எளைச்சிருக்கியே கண்ணு" என்றேன். அவளும் சிரித்தாள். லதாவிடம் போய், இங்கே நாம் செய்ய முடியாததை அக்கா செய்துவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னேன்.

ஏப்ரல் கடைசியில் அவள் கையிலிருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. படம் நிற்கவில்லை.

"போனை நேராப் பிடிம்மா."

"நெட்வொர்க்ப்பா."

போன் ஆடுவதற்கும் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

5

அவள் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் இருந்தது. டெப்போவில் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன். தெரியாத இந்திய நம்பர்.

"அண்ணா, நான் உங்க அக்கா வூட்டுல கீழ்ப் போர்ஷன் ஸ்டெல்லா பேசறேன். பாப்பா ஆஸ்பத்திரில கீது. பயப்படாம கேளுங்கண்ணா."

ஸ்டெல்லா தாம்பரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு முறை வீடியோவில் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். மூன்று நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு என்றார். முந்தின ராத்திரி படியில் இறங்கும்போது குடித்தவள்போல் தள்ளாடினாளாம். பேச்சுக் குழறியதாம். அக்கா எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், உப்பில்லாமல். ஸ்டெல்லாதான் ஆட்டோ பிடித்துத் தன் ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போயிருக்கிறார்.

"இன்னா மாத்திரை சாப்புடுதுன்னு டாக்டர் கேட்டாரு. ஆண்ட்டி தைராய்டு மாத்திரைன்னாங்க. எனக்கு அது செட்டாகல. தைராய்டுக்கு இப்படிக் கை நடுங்காது. நான் குனிஞ்சு பாப்பாகிட்டயே கேட்டேன். லித்தியம்னு சொல்லிச்சு. வாய் குழறுது, ரெண்டு வாட்டி கேட்டுத்தான் புரிஞ்சுது. உடனே டாக்டராண்ட சொன்னேன். ரத்தத்துல ரொம்ப ஏறிப் போச்சுண்ணா. டயாலிசிஸ் பண்றாங்க. நீங்க கிளம்பி வாங்க."

கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

என் பாஸ்போர்ட் இப்போது நியூசிலாந்துடையது. அனகாபுத்தூரில் பிறந்தவன் மகளைப் பார்க்கத் தாம்பரம் போக விசா கேட்டு விண்ணப்பம் போட்டேன். என் தாத்தா எந்த நாட்டுக்காரர் என்று அந்தப் படிவம் கேட்டது. எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்குப் பட்டியலில் சுற்றுலா, வியாபாரம் என்றெல்லாம் இருந்தது. சுற்றுலாவைத் தேர்ந்தெடுத்தேன். விசா வர இரண்டு நாள். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லதாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

6

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் என்னை உள்ளே விடவில்லை. "பேஷன்ட்டோட அம்மா மட்டும்தான் சார்" என்றார் காவலாளி. அவள் அம்மா நியூசிலாந்தில் இருக்கிறாள் என்றேன். அவர் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். உறவு என்ற இடத்தில் அம்மா என்று எழுதி அக்கா கையெழுத்துப் போட்டிருந்தாள். பாஸ்போர்ட்டைக் காட்டி, மகளின் பெயரோடு என் பெயர் ஒட்டியிருப்பதைக் காட்டி, நான்தான் அப்பா என்று நிரூபித்து உள்ளே போனேன்.

கீர்த்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. எளைச்சிருக்கியே என்று நான் மெச்சிய கன்னத்தைப் பார்த்தேன். வெளியே வந்துவிட்டேன்.

காரிடாரில் ஸ்டெல்லா டியூட்டி உடையில் நின்றிருந்தார். அவரிடம்தான் முழுக் கதையும் கேட்டேன். கேளம்பாக்கம் பக்கத்தில் ஏதோ இயற்கை உணவு மையத்துக்கு அக்கா அவளை அழைத்துப் போயிருக்கிறாள். தைராய்டு, உடம்பு குறைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் அதற்கேற்ற மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். உப்பில்லாமல் வேகவைத்த காய். காலையில் பூசணிக்காய்ச் சாறு. வாரத்தில் இரண்டு நாள் சாறு மட்டும். அந்த வெயிலில், வேர்த்துக் கொட்டும் உடம்போடு.

"தினம் காலையில இட்லி சாப்பிட்டாளே, நானே பாத்தேனே" என்றேன்.

"நீங்க போனை வெச்சப்புறம் அந்த இட்லி எங்க வூட்டுக்குத்தாண்ணா வரும். என் பசங்கதான் சாப்ட்டுக்கினு இருந்தாங்க. மிஞ்சினது குடுக்கறாங்கன்னு நெனச்சேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்."

மூன்று மாதம். தினமும். எனக்காக ஒரு தட்டு போட்டு, எனக்காக ஒரு துண்டு பிட்டு, நான் போனதும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அக்கா ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நான் பேசி அனுப்பினதைக் கேட்டியாக்கா?"

"கேட்டேன்."

"முழுசா?"

"கேட்டேன்டா. உப்பு சாப்பிடுன்னு எந்த டாக்டராவது சொல்லுவானா? நீ ஏதோ மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சேன்."

"ரத்தம் எடுத்தாச்சு, நார்மல்னு சொன்னியே. மூணு தடவை சொன்னே."

டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்தக் குழந்தை வந்த அன்னைக்கு என் மடியில படுத்து அழுதுடா. அத்தை, என்னை ஒல்லியாக்கிடுங்கன்னு. உங்க வீட்ல சாப்பாட்டைப் பூட்டி வெச்சிருந்தியாமே? சாவிய நீயே வெச்சிருந்தியாமே? நான் பூட்டலடா. அவ கேட்டதைத்தான் செஞ்சேன். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா."

"அவ செத்துப் போயிருப்பாக்கா."

"நான் என்ன விஷமா வெச்சேன்?" என்றாள். "மாத்திரையை நிறுத்தச் சொல்லலையே. அதைப் பாத்துப் பாத்துத்தான் குடுத்தேன்."

அதுதான் கொடுமை. மாத்திரையை நிறுத்தியிருந்தால் வேறு விதமாகப் போயிருக்கும். மாத்திரையில் கீர்த்தி என் பேச்சைக் கேட்டாள், ஒரு வேளை தவறவில்லை. சாப்பாட்டில் அக்கா பேச்சைக் கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக இருந்து படுக்கையில் விழுந்துவிட்டாள். தைராய்டு என்ற பொய் மட்டும் அக்காவுடையதல்ல. நான் கொடுத்தது. கேளம்பாக்கத்திலும் சொன்னாள், உயிர் ஊசலாடும்போது டாக்டரிடமும் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டபடியே, கடைசிவரை.

அன்றைக்குக் கேன்டீனிலிருந்து எழுந்து வந்தவன், அதற்குப் பிறகு அக்காவோடு பேசவில்லை.

7

எட்டாம் நாள் கீர்த்திக்குப் பேச்சுத் தெளிந்தது. கஞ்சி கொடுத்தார்கள், உப்புப் போட்டு. ஸ்பூன் வாய்க்குப் போகும் முன் பாதி சிந்தியது. நான் வாங்கி ஊட்டப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"என்கிட்ட ஏன்டா கண்ணு பொய் சொன்னே?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா. எளைச்சிருக்கேன்னு சொன்னீங்க இல்ல, அன்னைக்கு என்னைப் பாத்து எப்படிச் சிரிச்சீங்க தெரியுமா? நோய் வந்தப்புறம் நீங்க அப்படிச் சிரிச்சதே இல்ல."

"பூட்டு போட்டது உன் நல்லதுக்குத்தான்."

"தெரியும்பா. அத்தையும் அதைத்தான் சொன்னாங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

8

சிறுநீரகம் பிழைத்தது. மருந்தை மாற்றினார்கள். இப்போது அவளுக்கு இருபத்து மூன்று. எங்கள் வீட்டிலிருந்து ஐந்து தெரு தள்ளி இரண்டு தோழிகளோடு இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடப் போனில் மணி வைத்திருக்கிறாள் என்று லதா சொன்னாள். அடிக்கும்போது பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்கார்ந்துவிடுவாளாம். எழுதும்போது அவளுக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. அது போய்விடலாம், போகாமலும் இருக்கலாம் என்கிறார்கள்.

என்னிடம் அவள் எதையும் மறைப்பதில்லை. சொல்வதும் இல்லை. "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்பா." அதற்கு மேல் என்ன என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. தட்டைக் காட்டு என்று கேட்கும் உரிமையை நான் எங்கோ தொலைத்துவிட்டேன். காட்டினாலும் நம்புவேனா என்று தெரியவில்லை. பெற்ற பெண்ணைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய கிளினிக்குக்குப் போன் செய்து அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டேன். முன்பெல்லாம் சொல்வார்கள். வரவேற்பில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது என்றார். நான் அப்பா என்றேன். புரிகிறது, ஆனால் விவரம் சொல்லலாம் என்று அவர் கொடுத்த பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்றார். எடுத்துவிட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லாமல்.

லதாவின் பெயரும் இல்லை. அப்படியானால் யார் என்று ஒரு மாதம் குடைந்தது. அக்காவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளை மன்னித்துவிட்டு என்னை மட்டும் தள்ளி வைத்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் எரிந்தது.

நேற்று மாலை அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, அத்தை வீட்டுப் பின்கோடு என்ன? கிளினிக்ல ஃபார்ம் புதுசா நிரப்பச் சொல்றாங்க. அவசரத்துக்கு ரெண்டு பேர் எழுதணும். ஒண்ணு என் ரூம்மேட்."

"இன்னொண்ணு அத்தையா?"

"இல்லப்பா. ஸ்டெல்லா அக்கா. அட்ரஸ் ஒண்ணுதானே."

மூன்று மாதம் பழகிய வாடகைக்காரப் பெண். ஏழு கடல் தாண்டி, நாள் முழுக்க வார்டில் நிற்கிறவர். அவசரம் என்றால் அவரால் என்ன செய்ய முடியும்? அதைத்தான் கேட்க நினைத்தேன். கேட்டது வேறு.

"ஏம்மா, அவங்க?"

"அவங்க என்னை நேராக் கேட்டாங்கப்பா, என்ன மாத்திரைன்னு. நான் சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொன்னாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவள் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் பேனா தாளில் தட்டும் சத்தம் கேட்டது.

பிறகு எண்களைச் சொன்னேன். இருபது வருடமாக அக்காவுக்குப் பார்சல் அனுப்பிய முகவரி, பார்க்காமலே வரும். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, சரிதானா என்று திருப்பிப் படித்தாள்.

"சரிதான்மா" என்றேன்.